சீனர் நாவில் ஆங்கில ஓசை



பள்ளித் தவணை முடிவில் பிள்ளையின் அடைவுநிலையைப் பற்றிப் பேச வந்த ஒரு தாயார், தம் மகனின் ஆங்கில வாசிப்பைக் குறித்து மிகவும் கவலைப்பட்டார். பையன் இரண்டாம் ஆண்டு மாணவன். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் குறையில்லை. ஆனால், எல்லாச் சொற்களையும் ஒரே சீராக, விரலால் மேசையைத் தட்டுவதுபோல் வாசிப்பான். "டீச்சர், வீட்டுல தமிழ் பேசுறதுனாலதான் இவன் இங்கிலீஷ் இப்படி இருக்குன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அடுத்த வருசத்துல இருந்து வீட்டுல தமிழ நிப்பாட்டிடலாம்னு இருக்கோம்" என்றார். அந்தப் பையனின் பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. மாலை முழுவதும் அவன் பாட்டியிடம்தான் இருக்கிறான். தாயாருக்கு உடனே தகுந்த மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

பயிற்சிக் கழகத்தில் என்னோடு பயின்ற சீனத் தோழி ஒருவர் அருகிலுள்ள சீனப்பள்ளியில் ஆங்கிலம் போதிக்கிறார். அன்றிரவு அவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "எங்கள் பள்ளியிலும் இதே கேள்விதான். தமிழ் என்று நீ சொல்லும் இடத்தில் மாண்டரின் என்று போட்டுக்கொள்" என்றார். பிறகு, நான் அறியாத ஒன்றையும் சொன்னார். பயிற்றுப்பணியின்போது அவருடைய வகுப்பைப் பார்வையிட வந்த ஒருவர், பிள்ளைகளின் முன்னிலையிலேயே ஓர் ஆங்கிலச் சொல்லை மூன்று முறை திருப்பிச் சொல்லச் செய்து, "நீ ஆங்கிலத்தைச் சீனமாகப் பாடுகிறாய்" என்றாராம். அதன் பிறகு பல ஆண்டுகள் வகுப்பில் உரக்க வாசிப்பதையே தோழி தவிர்த்து வந்திருக்கிறார். எங்கே தவறினோம் என்று அறிந்துகொள்ளும் ஆவலில் அவர் தேடிப் படித்த கட்டுரைகளை எனக்கும் அனுப்பி வைத்தார். சீனர்கள் இந்தச் சிக்கலோடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அந்த வரலாறு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் எனத் தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

இரு மொழி, இரு ஒழுங்கு

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எல்லா அசைகளும் சமமானவை அல்ல. ஓர் அசை எடுத்து ஒலிக்கப்படும். மற்றவை படுத்து ஒலிக்கப்படும். 'பனானா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் மூன்று உயிர்களும் ஒரே எழுத்துதான். ஆயினும், நடுவிலுள்ள 'னா' மட்டுமே முழுமையாக ஒலிக்கும். முன்னும் பின்னும் உள்ளவை வாயைச் சரியாகத் திறக்காமலே நழுவிப் போகும். அப்படி நழுவும் உயிரொலிக்கு மொழியியலார் 'ஷ்வா' என்று பெயரிட்டுள்ளனர். ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வரும் உயிரொலி அதுதான். அதற்கென்று ஆங்கில நெடுங்கணக்கில் ஓர் எழுத்துகூட இல்லை.

அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறுவதுண்டு. 'ரெக்கார்ட்' என்னும் சொல்லின் முதலசையை எடுத்தொலித்தால் அது பெயர்ச்சொல். இரண்டாம் அசையை எடுத்தொலித்தால் அது வினைச்சொல். 'போட்டோகிராப்' என்பதில் முதலசையில் இருக்கும் அழுத்தம், 'போட்டோகிராபர்' என்று நீளும்போது இரண்டாம் அசைக்கும், 'போட்டோகிராபிக்' என்றாகும்போது மூன்றாம் அசைக்கும் நகர்ந்துவிடும். எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மாண்டரின் வேறு ஒழுங்குடையது. அதில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி உண்டு. 'மா' என்பதை உயர்த்திச் சமமாக ஒலித்தால் தாய். கீழிருந்து மேலேற்றினால் சணல். தாழ்த்தி வளைத்தால் குதிரை. மேலிருந்து சட்டென இறக்கினால் திட்டுதல். குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே தாங்கி நிற்கிறது. பிறந்தது முதல் இப்படிப் பேசிப் பழகிய குழந்தை, ஒவ்வோர் அசைக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தே பேசும். அதே குழந்தையிடம், "இந்த அசையை விழுங்கு, இதை மட்டும் எடுத்துச் சொல்" என்றால் அதற்கு அது விளங்காது. விழுங்கினால் பொருள் கெடும் என்பதே அதன் அனுபவம்.

1862: எழுத்தின்மேல் எழுத்து

தொடக்கத்தில் சீனர்கள் ஆங்கிலத்தைக் காதால் கற்றதைவிடக் கண்ணால் கற்றதே அதிகம். தென்சீனத் துறைமுகமான குவாங்சோவில் வணிகம் நடத்தியவர்களுக்காக மலிவான சிறு கையேடுகள் அச்சிடப்பட்டன. ஆங்கிலச் சொல்லின் ஒலியைச் சீன எழுத்துகளைக் கொண்டு அவை குறித்துக் காட்டின. 1862இல் தாங் திங்ஷு என்பவர் ஆங்கிலச் சொற்களையும் தொடர்களையும் திரட்டி ஆறு பகுதிகள் கொண்ட பெரிய நூலொன்றை வெளியிட்டார். இந்நூலும் கண்டனீஸ் ஒலிப்பை அடிப்படையாகக் கொண்டு சீன எழுத்துகளின் வழி ஆங்கில ஒலியைக் காட்டியது.

இங்குதான் சிக்கலின் வேர் இருக்கிறது. ஒரு சீன எழுத்து என்பது ஒரு முழு அசை; தொனியோடு கூடிய அசை. ஆங்கிலச் சொல்லின் நலிந்த அசையைக் குறிக்கவும் ஒரு முழு எழுத்தைத்தான் போட வேண்டும். எனவே, தாளில் ஏறும்போதே நலிந்த அசை முழு அசையாகிவிடுகிறது. படிப்பவர் அந்த எழுத்தை அதற்குரிய தொனியோடு முழுமையாக ஒலிக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலில் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக்கொள்வதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! 'பனானா' என்று எழுதிவிட்டால் மூன்று அசைகளும் முழுமை பெற்றுவிடுகின்றன. குவாங்சோ வணிகர் செய்ததையே நம் இரண்டாம் ஆண்டு மாணவரும் செய்கிறார்.

அதே 1862ஆம் ஆண்டில் பெய்ஜிங்கில் 'தோங்வென் குவான்' என்னும் அரசு மொழிப்பள்ளி தொடங்கப்பட்டது. 1858ஆம் ஆண்டுத் தியான்ஜின் உடன்படிக்கையின்படி, பிரிட்டிஷ் அரசு அனுப்பும் ஆவணங்களில் ஆங்கில வாசகமே அதிகாரம் உடையது என்றாகிவிட்டது. சொந்த மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமல் இனி அரசாள முடியாது என்ற நெருக்கடியில் பிறந்த பள்ளி அது. முதல் வகுப்பில் பத்துச் சிறுவர்கள். ஜான் பர்டன் என்னும் சமயப் பரப்பாளர் அவர்களுக்கு முதல் ஆங்கில ஆசிரியராக அமைந்தார். அந்தத் தொடக்ககால மாணவர்களுள் ஒருவரான சாங் தெயீ பின்னாளில் அரசதந்திரியானார். 1891இல் குவாங்சு பேரரசருக்கே ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

ஆங்கிலத்தை ஆங்கிலேயர் வாயிலிருந்து கேட்டுக் கற்கும் வாய்ப்பு இப்பள்ளியில் இருந்தது. ஆனாலும், பள்ளியின் நோக்கம் மொழிபெயர்ப்பு. ஓசையை ஆராய்ந்து கற்பிக்கும் முறை உருவாக இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

சிற்றலையும் பேரலையும்

அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் சாவ் யுவான்ரென் (1892–1982). தியான்ஜினில் பிறந்தவர். 1910இல் உதவிச்சம்பளம் பெற்று அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். ஹார்வர்டில் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1920இல் பெர்ட்ரண்ட் ரஸல் சீனாவுக்கு வந்து உரையாற்றியபோது அவற்றை மொழிபெயர்த்தவர் இவரே. இசையமைப்பாளரும்கூட. ஒரு தொனி எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது என்பதை ஒன்று முதல் ஐந்து வரையிலான படிகளால் குறிக்கும் முறையை 1930இல் வெளியிட்டார். மொழியியலார் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஒரு கட்டுரை நம் பொருளுக்கு நேரடியாக உரியது. ஆங்கில ஏற்ற இறக்கங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் சீனத்தில் ஈடாக வருவது என்ன என்று அதில் ஆராய்ந்தார். 1933இல் தொனியையும் வாக்கிய ஏற்ற இறக்கத்தையும் பற்றி மற்றொரு கட்டுரை எழுதினார்.

அவர் காட்டிய உவமை எளிமையானது. சொல்லின் தொனி சிற்றலை போன்றது. வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் பேரலை போன்றது. கடலில் பேரலையின் முதுகில் சிற்றலைகள் ஏறிச் செல்வதுபோல, சீன வாக்கியத்திலும் இரண்டும் ஒன்றாக இயங்குகின்றன. 'தொனி மொழிக்கு ஏற்ற இறக்கம் கிடையாது' என்று எண்ணியவர்களுக்கு இது நல்ல மறுமொழி. ஒரு கேள்வியின் இறுதியில் இறங்குதொனிச் சொல் வந்தாலும் அது தன் இறக்கத்தை இழப்பதில்லை. பேரலையின் வேலை அதற்கு மேலாக நடக்கிறது.

அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலேயர் குரலை ஏற்றி இறக்கிக் காட்டும் மனநிலையை, சீனர் பல நேரங்களில் ஒரு சிறு இடைச்சொல்லால் காட்டுகின்றனர். வாக்கிய இறுதியில் 'மா' என்று ஒட்டினால் கேள்வி. 'பா' என்றால் ஊகம் அல்லது அழைப்பு. ஆகவே, ஆங்கில ஏற்றத்துக்குச் சீனத்தில் ஏற்றத்தையே தேடக்கூடாது; இடைச்சொல்லையும் தேட வேண்டும்.

தமிழாசிரியர் எவருக்கும் இது புதிதன்று. 'அவன் வந்தான்' என்பதோடு ஓர் ஆகாரம் சேர்ந்தால் வினா. 'மாலா நேற்றுக் கோலாலம்பூர் போனாள்' என்னும் தொடரில் எதை வலியுறுத்த விரும்புகிறோமோ அதன்மேல் 'தான்' ஏறும்: மாலாதான், நேற்றுத்தான், கோலாலம்பூருக்குத்தான். ஆங்கிலேயர் சொல்லை மாற்றாமல், குரலின் அழுத்தத்தை ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லுக்கு நகர்த்தியே இந்த மூன்றையும் வேறுபடுத்திவிடுவர். மாண்டரினிலும் வலியுறுத்த வேண்டியதன் முன்னே 'ஷி' என்னும் சொல்லை வைப்பதுண்டு. நம் நாட்டு ஆங்கிலத்தில் ஓயாமல் ஒலிக்கும் 'லா'வும் இத்தகைய வேலையைத்தானே செய்கிறது! குரல் செய்ய வேண்டிய வேலையை இங்கே ஓர் இடைச்சொல் செய்துவிடுகிறது. அதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ பழிப்பது பொருந்தாது.

தொலைக்காட்சியும் உரத்த குரலும்

1949க்குப் பிறகு சீனாவில் முதல் அயல்மொழியாக ரஷ்ய மொழி முன்னுக்கு வந்தது. பின்னர்ப் பண்பாட்டுப் புரட்சி (1966–1976) அயல்மொழிக் கல்வியைப் பெரிதும் முடக்கிப் போட்டது. 1977இல் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு மீண்டும் வந்தது. 1978 முதல் நாடு வெளியுலகுக்குத் திறக்கப்பட்டது. ஆங்கிலம் கற்கும் வேட்கை எங்கும் பரவியது.

சாவ் யுவான்ரென் அமெரிக்காவில் மறைந்த அதே 1982ஆம் ஆண்டில், பிபிசியின் 'ஃபாலோ மீ' என்னும் ஆங்கிலப் பாடத்தொடர் சீன மத்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கேத்தி ஃபிளவர் என்னும் ஆங்கிலப் பெண்மணியும் ஹூ வென்சோங் என்னும் பேராசிரியரும் அதை வழிநடத்தினர். ஆங்கிலேயரை நேரில் பார்த்தே இராத கோடிக்கணக்கானோருக்கு ஆங்கில ஏற்ற இறக்கம் முதன்முதலாக வீட்டுக்குள் கேட்டது. கையேட்டு எழுத்துகளால் கொடுக்க முடியாத ஒன்று அது.

1994இல் லீ யாங் என்பவர் 'கிரேசி இங்கிலீஷ்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். லான்சோ பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பயின்ற அவர், ஆங்கிலத் தொடர்களை உரக்கக் கத்திப் பழகியதால் தம் கூச்சம் நீங்கியதாகக் கூறினார். திடல்களில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி ஒரே குரலில் கத்த வைத்தார். 1999இல் இவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது.

கத்துவதால் அச்சம் தெளியும் என்பதை மறுப்பதற்கில்லை. என் தோழியைப் போல் அவமானத்தால் வாயடைத்துப் போனவர்களுக்கு அது ஒரு மருந்தாகவும் அமையலாம். ஆனால், கத்தும்போது எல்லா அசைகளும் எடுத்தலாகிவிடும். ஆங்கில ஓசைக்கு உயிர் கொடுப்பது படுத்தலும்தான். உரக்கச் சொல்வதில் சீனப் பிள்ளைகளுக்கு என்றுமே குறையில்லை. நலித்துச் சொல்வதற்கே அவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது.

அளந்து பார்த்தவர்கள்

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. யான்ஹொங் சாங், ஷான் நிசன், அலெக்சாண்டர் பிரான்சிஸ் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 'ரெக்கார்ட்' போன்ற இரட்டைச் சொற்களை மாண்டரின் பேசுவோரும் அமெரிக்கரும் ஒலிப்பதை அளந்து ஒப்பிட்டனர். எந்த அசையை எடுத்தொலிக்க வேண்டும் என்பது மாண்டரின் பேசுவோருக்குத் தெரிந்திருந்தது. குரல் உயரம், கால அளவு, ஒலியின் வலிமை ஆகிய மூன்றையும் அவர்கள் பயன்படுத்தவே செய்தனர். வேறுபாடு இரண்டு இடங்களில் தென்பட்டது. ஒன்று, எடுத்த அசையில் குரலை அமெரிக்கரைவிட உயர்த்தினர். மற்றொன்று, படுத்த அசையின் உயிரொலியைப் போதிய அளவு நலிக்கவில்லை.

'நீ ஆங்கிலத்தைச் சீனமாகப் பாடுகிறாய்' என்ற குத்தலுக்குள் இருந்த உண்மை இவ்வளவுதான். தோழிக்கு அன்று யாரேனும், "அழுத்தம் சரியாகவே இருக்கிறது, மற்ற அசைகளைச் சற்று விட்டுக்கொடு" என்று சொல்லியிருந்தால் போதும்.

சிங்கப்பூரிலும் இப்படி அளந்தவர்கள் உண்டு. அங்கே 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியானது. 2000இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் வந்தது. அதே 2000இல் லோ ஈ லிங், எஸ்தர் கிராபே, பிரான்சிஸ் நோலன் ஆகியோர் சிங்கப்பூர் ஆங்கிலத்தையும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். அடுத்தடுத்து வரும் உயிரொலிகளின் நீளம் எந்த அளவு மாறுபடுகிறது என்று கணக்கிட்டபோது, சிங்கப்பூர் ஆங்கிலம் மேலும் சீராக இருந்தது. நலிய வேண்டிய உயிர்கள் அங்கே போதிய அளவு நலியவில்லை என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று.

கிராபேயும் லோவும் 2002இல் இதே அளவுகோலைப் பதினெட்டு மொழிகளுக்குப் பொருத்திப் பார்த்தனர். எண் கூடினால் நெட்டொலியும் குற்றொலியும் மாறி மாறி வருகின்றன என்று பொருள். குறைந்தால் சீரான ஓட்டம். பிரிட்டிஷ் ஆங்கிலம் ஏறத்தாழ 57, சிங்கப்பூர் ஆங்கிலம் 52, மாண்டரின் 27. தமிழ் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ 56! பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு அடுத்த வீடு. மொழிக்கு ஒருவர் குரலையே அளந்தார்கள் என்பதால் இந்த எண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆயினும், குறிலும் நெடிலும் மாறி மாறி வரும் மொழியில் இப்படி அமைவது வியப்புக்குரியதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று முதலாம் ஆண்டிலேயே நாம் சொல்லிக் கொடுக்கிறோமே!

நம் நெடிலுக்கும் ஆங்கில அழுத்தத்துக்கும் வேறுபாடு உண்டு. நம்முடைய நீளம் எழுத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில அழுத்தம் எழுத்தில் மறைந்து கிடக்கிறது. ஆகவே, நீட்டவும் குறுக்கவும் நம் பிள்ளையின் நாவுக்குத் தெரியும். எங்கே குறுக்க வேண்டும் என்பதே அவன் கற்க வேண்டியது.

வீட்டிலேயே இருந்த திறவுகோல்

மீண்டும் சீனத்துக்கு வருவோம். படுத்தொலிப்பது சீனர்களுக்கு முற்றிலும் அயலானதா? இல்லை என்பதே விடை. மாண்டரினில் 'சிங்ஷெங்' என்று ஒன்று உண்டு. 'இலேசான ஓசை' என்று பொருள். சில அசைகள் தம் தொனியை இழந்து, குறுகி, முன்னசையின் நிழலில் ஒதுங்கி ஒலிக்கும். 'மாமா' என்னும் சொல் தமிழில் தாய்மாமன். இரண்டு நெடிலும் சமம். மாண்டரினில் அது அம்மா. முதல் 'மா' உயர்ந்து ஒலிக்க, இரண்டாவது மெலிந்துவிடும். 'தோங்ஷி' என்பதில் இரு அசைகளையும் முழுமையாக ஒலித்தால் 'கிழக்கும் மேற்கும்'. இரண்டாவதை இலேசாக்கினால் 'பொருள்' அல்லது 'சாமான்'. ஆங்கிலத்து 'ரெக்கார்ட்' செய்யும் அதே வித்தை சீனத்திலும் இருக்கிறது!

வாக்கிய அளவிலும் ஒரு திறவுகோல் உண்டு. பெய்ஜிங் மாண்டரினில் ஒரு சொல்லை வலியுறுத்தினால், அதன் தொனி விரிவடைவதோடு, பின்வரும் சொற்களின் ஏற்ற இறக்கம் அடங்கிவிடும் என்பதை யீ ஷூ 1999இல் அளந்து காட்டினார். ஆங்கிலமும் இப்படித்தான்: வலியுறுத்திய சொல்லுக்குப் பிறகு குரல் அடங்கிப் போகும்.

ஆனால், இந்தத் திறவுகோல் எல்லாச் சீனர் வீட்டிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பெய்ஜிங் பேச்சில் இலேசான ஓசை மிகுதி. தைவான், சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களின் மாண்டரினில் அது குறைவு. வலியுறுத்தலுக்குப் பின் குரல் அடங்குவதும் தைவான் மாண்டரினில் காணப்படவில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இதைப் படித்தபோது தோழி வியந்தார். பெய்ஜிங் மாணவருக்காக எழுதிய பயிற்சி தம் வகுப்பில் ஏன் எடுபடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எனினும், அவர் மாணவர்களும் 'மாமா' என்பதையும், வாக்கிய இறுதியின் 'மா', 'பா' ஆகியவற்றையும் அறிந்தவர்கள்தாமே! அங்கிருந்து தொடங்கினார்.

என் எண்ணம் தமிழுக்குத் திரும்பியது. நம் வீட்டில் அத்தகைய திறவுகோல் உண்டா? உண்டு, அதற்குக் குற்றியலுகரம் என்று பெயர். 'பசு' என்பதில் உகரம் ஒரு மாத்திரை, இதழ் குவியும். 'காசு' என்பதில் அதே உகரம் அரை மாத்திரையாகக் குறுகும், இதழ் குவிவதில்லை. எழுத்து ஒன்றே, ஓசை நலிந்துவிடுகிறது. ஆங்கிலத்து ஷ்வாவுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் வேறென்ன வேண்டும்? எடுத்தல், படுத்தல், நலிதல் என ஓசை வேறுபாடுகளுக்கு நன்னூலார் பெயரே சொல்லி வைத்திருக்கிறார். அவர் கருதியது ஆங்கில அழுத்தத்தை அன்று. ஆனாலும், வகுப்பில் பயன்படுத்த அந்தச் சொற்களைக் கடனாகப் பெறுவதில் தவறில்லை.

வகுப்பறையில்

தோழியும் நானும் கலந்து பேசிச் சில பயிற்சிகளை அவரவர் வகுப்பில் செய்து பார்த்தோம்.

முதலாவது, மேசை தட்டி அசை எண்ணும் பழக்கத்தை அசை பிரிக்கும் பாடத்தோடு நிறுத்திக்கொண்டோம். வாசிக்கும்போது தட்டினால் எல்லா அசையும் சமமாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, எடுத்த அசைக்கு மட்டும் கை விரிய வேண்டும். படுத்த அசைக்குக் கை மூடியே இருக்க வேண்டும்.

இரண்டாவது, சொல்லுக்கு மேலே தாய்மொழியில் எழுதுவதைத் தடுக்கவில்லை, திருத்தினோம். எடுத்த அசையைப் பெரிதாகவும், படுத்த அசையைச் சிறிய புள்ளியாகவும் போடச் சொன்னோம். 'பனானா' என்பது புள்ளி, னா, புள்ளி ஆயிற்று. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

மூன்றாவது, ஆங்கிலத்துக்குப் போகுமுன் தாய்மொழியில் ஒரு நிமிடம். என் வகுப்பில் 'பசு, காசு', 'நடு, நாடு'. தோழியின் வகுப்பில் 'மாமா', 'தோங்ஷி'. "இப்போது செய்தாயே, அதையே ஆங்கிலத்திலும் செய்" என்றால் பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொள்கின்றனர்.

நான்காவது, 'தான்' விளையாட்டு. தமிழில் 'தான்' எந்தச் சொல்லில் ஏறுகிறதோ, ஆங்கிலத்தில் குரல் அந்தச் சொல்லில் ஏற வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை ஆங்கிலேயராக்குவது எங்கள் நோக்கமன்று. ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில், பல நாட்டவர் தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது புரிதலுக்கு மிகவும் தேவையானவை எவை என்று ஆராய்ந்தார். வாக்கியத்தின் முதன்மை அழுத்தத்தை அவர் இன்றியமையாதது என்றார். நலிந்த ஒலிப்புகளை அவ்வாறு கருதவில்லை. எனவே, நேரம் குறைவாக உள்ள ஆசிரியர் நான்காவது பயிற்சியிலிருந்து தொடங்கலாம். பிள்ளையின் பேச்சில் அவன் ஊரும் வீடும் கேட்பதில் இழுக்கு எதுவும் இல்லை.

அந்தத் தாயாரை மீண்டும் அழைத்துப் பேசினேன். 'காசு' என்று மகனைச் சொல்லச் சொல்லி, பிறகு 'பனானா' என்று சொல்லச் சொன்னேன். இரண்டாம் முறை சொன்னபோது கடைசி அசை தானாக மெலிந்தது. தாயார் சிரித்துவிட்டார். "தமிழை நிறுத்தினால் இவனுக்கு எதைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்டேன். அவர் உடனே எதுவும் கூறவில்லை. மறுவாரம் பையனிடம் விசாரித்தேன். பாட்டி இன்னும் தமிழில்தான் கதை சொல்கிறாராம். அவன் பாட்டிக்கு 'பனானா' சொல்லிக் கொடுக்கிறானாம்.

தோழியும் இப்போது வகுப்பில் உரக்க வாசிக்கிறார்.